பிரெட்டன் உட்ஸும் நம் மண் கோர்ட்டும்

மலர்க் குழுவைச் சேர்ந்த தம்பி போன் செய்து, "சார், இந்த வருஷ மலருக்கு நீங்க ஒண்ணு எழுதியே ஆகணும். பழைய நினைவா இருந்தா போதும்" என்றார். எழுதுகிறவன் அல்ல நான். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் எழுதியவன். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

மறுநாளே சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. சந்திப்பு விழாவுக்குச் சேர்ந்த நிதியில் என்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல். நூலகத்துக்குக் கம்ப்யூட்டர், விடுதிக்குக் குடிநீர் இயந்திரம், மூன்றாவதாக, "விடுதிக்குப் பின்னால் உள்ள 2 மண் டென்னிஸ் கோர்ட்டுகளையும் நவீன செயற்கைத் தரையாக மாற்றுதல்." படித்ததும் என் மனசு 1973க்குப் போய்விட்டது. அன்று இரவே பேனாவை எடுத்தேன். இது சரித்திரக் கட்டுரையா, புலம்பலா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாடப் புத்தகத்து ஊர்

அப்போது நான் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. வீடு மேற்கு மாம்பலம். லேக் வியூ ரோடு பக்கத்தில் ஐந்து குடித்தனம் இருந்த ஒரு வீடு; ஒரு கிணறு, ஒரு வேப்ப மரம், ஐந்து குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 'ஹிந்து'. பேப்பர் முதலில் முன் போர்ஷன் மாமா கைக்குத்தான் போகும். அவர் ரயில்வேயில் இருந்து ரிடயர் ஆனவர். தலையங்கத்தை முடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைத்தான் எங்களுக்குக் கொடுப்பார். அதுவே எங்களுக்குப் போதும், ஏனென்றால் அதில்தான் விளையாட்டுச் செய்தி!

அந்த வருஷக் கோடையில் எங்கள் பொருளாதார வகுப்பில் திரும்பத் திரும்ப அடிபட்ட பெயர் பிரெட்டன் உட்ஸ். உலக நாடுகளின் நாணயங்களை டாலரோடும், டாலரைத் தங்கத்தோடும் கட்டிப்போட்ட ஏற்பாடு அந்த ஊரில்தான் 1944இல் பிறந்தது. 1971 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தங்கக் கதவைச் சாத்தினார். 1973 மார்ச்சில் பெரிய நாடுகளின் நாணயங்கள் கட்டவிழ்ந்து மிதக்கத் தொடங்கின. "பிரெட்டன் உட்ஸ் செத்துப் போச்சு, ஆனா பரீட்சைக்கு வரும்" என்று பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

அப்படியிருக்க, ஒருநாள் காலை விளையாட்டுப் பக்கத்தில் அதே ஊர்ப் பெயர்! பிரெட்டன் உட்ஸில் நடந்த டென்னிஸ் போட்டியில் மதராஸ் இளைஞர் விஜய் அமிர்தராஜ் பட்டம் வென்றார் என்று செய்தி. அச்சுப் பிழை என்றே முதலில் நினைத்தேன். மாமாவிடம் காட்டினேன்.

"ஐ.எம்.எஃப். ஊர்ல நம்மூர்ப் பையனுக்கு என்னடா வேலை? கடன் வாங்கப் போனானா?"

"இல்லை மாமா. காரே வாங்கிட்டான்!"

உண்மைதான். பரிசுப் பணத்தோடு ஒரு வால்வோ காரும் அவருக்குக் கிடைத்தது. அம்பாஸடர், ஃபியட், நம்மூர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இந்த மூன்றைத் தவிர வேறு கார் அதிகம் பார்க்காத தெருவுக்கு வால்வோ என்றால் என்ன தெரியும்? அன்று முழுவதும் அதே பேச்சு. மதராஸுக்குத் தொலைக்காட்சி வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஆகவே அந்த ஆட்டத்தை நாங்கள் யாருமே பார்க்கவில்லை. நாலு வரிச் செய்தியில் இருந்து முழு ஆட்டத்தையும் நாங்களே ஆடிக்கொண்டோம்.

மலையடிவார ஓட்டல்

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். அங்கே மவுண்ட் வாஷிங்டன் என்ற மலை. உயரம் 6,288 அடி. நம் தொட்டபெட்டாவை விடக் குட்டைதான். ஆனால் 1934இல் அதன் உச்சியில் மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று அடித்ததாகப் பதிவு உண்டு. அந்த மலையடிவாரத்தில் பெரிய கப்பல் மாதிரி வெள்ளை வெளேரென்று ஓர் ஓட்டல், 1902இல் திறந்தது. பெயரும் மவுண்ட் வாஷிங்டன் ஓட்டல்தான். பிரெட்டன் உட்ஸ் என்றால் அந்த ஓட்டலும் அதைச் சுற்றிய காடும்தான்.

1944 ஜூலையில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் அங்கே மூன்று வாரம் உட்கார்ந்து பேசினார்கள். சர்வதேச நிதியமும் உலக வங்கியும் அங்கே உருவாயின. இந்தியாவின் சார்பில் போனவர்களில் ஒருவர் நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். சென்னையில் படித்தவர், தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்றவர், பின்னர் 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அவரோடு சி.டி. தேஷ்முக்கும் போயிருந்தார். நாடு இன்னும் வெள்ளைக்காரன் கையில் இருந்த காலம். ஆனாலும் அந்தப் பெரிய மேஜையில் நமக்கு ஒரு நாற்காலி இருந்தது.

இருபத்தொன்பது வருஷம் கழித்து, அந்த ஓட்டலின் டென்னிஸ் கோர்ட்டில் இன்னொரு தமிழ்நாட்டுக்காரர் நின்றார். அவருக்கு வயது 19.

பணத்துக்கு ஆடுவது

இன்றைய மாணவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். 1968க்கு முன்னால் டென்னிஸில் இரண்டு ஜாதி. பணம் வாங்காமல் ஆடுகிற அமெச்சூர். சம்பளம் வாங்கி ஆடுகிற புரொபஷனல். விம்பிள்டன் மாதிரிப் பெரிய போட்டிகளில் புரொபஷனலுக்கு இடம் கிடையாது. நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் விம்பிள்டனில் அரையிறுதி வரை போனவர். அவரைத் தன் புரொபஷனல் குழுவில் சேர்க்க அமெரிக்காவின் ஜாக் கிராமர் பெரிய தொகை பேசினார், கிருஷ்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. சேர்ந்திருந்தால் விம்பிள்டனும் இல்லை, இந்தியாவுக்கான டேவிஸ் கோப்பை ஆட்டமும் இல்லை.

1968இல் அந்தச் சுவர் இடிந்தது. யார் வேண்டுமானாலும் ஆடலாம், ஜெயித்தால் பணம். அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் புதுப் போட்டிகள் முளைத்தன. ஓட்டல்காரர்களுக்கு விருந்தாளி வேண்டும், கார்க் கம்பெனிக்கு விளம்பரம் வேண்டும், ஆட்டக்காரனுக்குச் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஒரு போட்டி. 1973இல் பிரெட்டன் உட்ஸில் தொடங்கிய 'வால்வோ இண்டர்நேஷனல்' அப்படிப் பிறந்ததுதான். ஸ்வீடன் நாட்டுக் கார்க் கம்பெனியின் பெயர், அமெரிக்க மலை ஓட்டல், மண் தரை. முதல் வருஷப் பட்டம் மதராஸ் பையனுக்கு!

அந்தக் கோடை விஜய்க்கு எப்படிப்பட்ட கோடை தெரியுமா? விம்பிள்டனில் அந்த வருஷம் 81 ஆட்டக்காரர்கள் பகிஷ்காரம் செய்தார்கள். யுகோஸ்லாவியாவின் பிலிச் என்பவருக்கு விதித்த தடையை எதிர்த்துத்தான் அந்தப் பகிஷ்காரம். ஆடியவர்களில் ஒருவரான விஜய் காலிறுதி வரை போய், செக்கோஸ்லோவாகியாவின் யான் கோடஷிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்று தோற்றார். அந்தக் கோடஷ்தான் அந்த வருஷச் சாம்பியன். "நல்லவங்க வராததால இவன் காலிறுதிக்குப் போனான்" என்று நம் விடுதியிலேயே பேசியவர்கள் உண்டு.

சில வாரத்தில் பிரெட்டன் உட்ஸ் பதில் சொல்லிவிட்டது. அரையிறுதியில் ராட் லேவர். ஒரே வருஷத்தில் நான்கு பெரிய பட்டங்களையும் வெல்லும் கிராண்ட் ஸ்லாமை 1962, 1969 என்று இரண்டு தடவை செய்து காட்டியவர். அவரைத் தாண்டி இறுதி ஆட்டம் போனால் எதிரே ஜிம்மி கானர்ஸ், வயது 20. அதே கோடையில் பாஸ்டனில் அமெரிக்கப் புரொபஷனல் பட்டத்தை ஆர்தர் ஆஷிடமிருந்து பிடுங்கியவர். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா, விம்பிள்டன், அமெரிக்கா என்று மூன்று பெரிய பட்டங்களை அள்ளப் போகிறவர். விஜய் 7-5, 2-6, 7-5 என்று ஜெயித்தார். சில வாரம் கழித்து ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்க ஓபனில் மறுபடி லேவரை ஐந்து செட்டில் வீழ்த்திக் காலிறுதி வரை போனார். விடுதியில் பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மண் என்ன செய்யும்?

விஜய் உயரமான ஆள். ஓங்கி சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடிவந்து முடிக்கிற ஆட்டம் அவருடையது. புல்தரைக்கென்றே செய்த ஆட்டம். புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். எதிராளிக்கு யோசிக்க நேரம் இருக்காது. மண் தரை நேர் எதிர். பந்து தரையில் பட்டதும் மண் அதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகம் குறையும், எழும்பி வரும். நீங்கள் முடிந்தது என்று நினைத்த பந்து திரும்பி வரும். அதையும் அடித்தால் மறுபடி வரும்! ஓடி நிற்க முடியாது, சறுக்கித்தான் நிற்க வேண்டும். ஒவ்வொரு பந்தும் தரையில் ஒரு தழும்பு வைத்துவிட்டுப் போகும். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற சண்டையை அந்தத் தழும்பே தீர்த்துவைக்கும். புல்தரை ஆட்டக்காரர் ஒருவர் மண்ணில் லேவரையும் கானர்ஸையும் அடுத்தடுத்து வென்றார் என்பதன் எடை அதனால்தான் இவ்வளவு.

மண் என்றாலும் எல்லாம் ஒரே மண் இல்லை. பாரிஸில் பார்க்கிறோமே சிவப்புத் தரை, அது செங்கல்லை இடித்த தூள். அமெரிக்காவில் 'ஹார்-ட்ரூ' என்று ஒன்று, பச்சை சாயல் அடிக்கும் கல்லை நொறுக்கிய பொடி; சிவப்பு மண்ணை விடக் கொஞ்சம் வேகம். நம்மூர்க் கோர்ட் இந்த இரண்டும் இல்லை. கிடைக்கிற மண்ணைச் சலித்து, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இறுக்கிய தரை.

நம் கல்லூரிக் கோர்ட்டும் அப்படித்தான். மார்க்கர் அண்ணனை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. விடிவதற்குள் வந்துவிடுவார். சாக்கை இழுத்து மண்ணைச் சமன் செய்து, பூவாளியில் தண்ணீர் தெளித்து, கல் உருளையை உருட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு முடிப்பதற்குள் ஆறரை. நாங்கள் ராக்கெட்டும் கையுமாகப் போய் நிற்போம்.

"அண்ணே, இறங்கலாமா?"

"இன்னா அவசரம் தம்பி? மண்ணு மூச்சு வுடட்டும். ஈரத்துல கால் வெச்சீங்கன்னா ஒரு வாரம் நான்தான் அழணும்."

மேற்கு மாம்பலத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து அரக்கப் பரக்க வருகிற எனக்கு அந்தப் பத்து நிமிஷம் கொடுமையாக இருக்கும். ஒருநாள் பேச்சுவாக்கில் என் வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். "லேக் வியூ ரோடா? அப்போ நீ ஏரிக்காரன். ஏரி வண்டல் கொஞ்சம் கலந்தா கோர்ட்டு கல்லாட்டம் நிக்கும்" என்றார். அதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை. எங்கள் தெருப் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிற அந்த ஏரி, மாம்பலத்தின் நெடிய ஏரி, நிஜமாகவே இருந்தது. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. ஏரி போனாலும் கிணறு தோண்டினால் களிமண் வரும். மண்ணுக்கு ஞாபகம் அதிகம்.

போட்டி ஊர் விட்டு ஊர் போன கதை

வால்வோ போட்டி அப்புறம் என்ன ஆயிற்று? 1974இலும் பிரெட்டன் உட்ஸிலேயே நடந்தது. விஜயிடம் தோற்ற லேவர் அந்த முறை வந்து, ஹெரால்ட் சாலமனை வென்று பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். 1975இல் போட்டி அதே மாநிலத்தில் நார்த் கான்வே என்ற ஊருக்கு இடம் மாறியது; தரை மட்டும் மண்ணாகவே இருந்தது. 1975, 1976, 1980 ஆகிய மூன்று வருஷமும் கானர்ஸ். 1979இல் சாலமன், 1981இல் ஸ்பெயினின் ஹிகேராஸ், 1982இல் லெண்டில், 1984இல் ஸ்வீடனின் யோக்கிம் நீஸ்ட்ரோம். பேஸ்லைனில் நின்று பொறுமையாக ஆடுகிறவர்களின் பெயர்களே அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

இதற்கிடையே பெரிய வீட்டில் ஒரு மாற்றம். அமெரிக்க ஓபன் 1974 வரை புல். 1975, 76, 77 மூன்று வருஷம் ஹார்-ட்ரூ மண். 1978இல் ஃப்ளஷிங் மெடோஸுக்குப் போய் சிமெண்ட் மாதிரி கெட்டித் தரை. (இந்த மூன்று தரையிலும் அமெரிக்க ஓபனை ஜெயித்த ஒரே ஆள் கானர்ஸ்!) ஆகஸ்டு கடைசியில் கெட்டித் தரையில் பெரிய போட்டி என்றால், அதற்கு முந்தின வாரங்களில் யார் மண்ணில் ஆட வருவார்கள்? சின்சினாட்டி 1979இல் மண்ணை விட்டது. மண் தரைக்கென்றே பெயர் போன இண்டியானாபொலிஸ் 1988இல் விட்டது. வால்வோ போட்டி 1985இல் வெர்மான்ட் மாநிலத்து ஸ்ட்ராட்டன் மலைக்குக் கெட்டித் தரைக்குப் போயிற்று. அந்த வருஷம் மெக்கன்ரோ பட்டம் வென்றார். 1988இல் இளைஞர் அகஸ்ஸி. 1990இல் யேல் பல்கலைக்கழகம் இருக்கிற நியூ ஹேவன் நகரத்துக்கு நகர்ந்தது. பிறகு வால்வோ பெயரும் போய் ஒரு பேனாக் கம்பெனியின் பெயர் வந்தது. 1998இல் ஸ்லோவாகியாவின் குசேரா ஜெயித்தார். அதோடு அந்த ஆண்கள் போட்டி முடிந்துவிட்டது. பெண்கள் போட்டி அங்கேயே 2018 வரை நடந்தது.

இருபத்தைந்து வருஷத்தில் நான்கு ஊர், இரண்டு தரை, பல பெயர். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. பெரிய அரங்கம், அதிகக் கூட்டம், டி.வி.க்காரர்களின் வசதி. ஆனால் ஒவ்வொரு நியாயமான மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியில் விஜய் ஜெயித்த போட்டி என்று காட்ட ஓர் இடம் இல்லாமல் போயிற்று. ஓட்டல் இருக்கிறது, மலை இருக்கிறது, 1944 மாநாட்டின் நினைவும் அங்கே பத்திரமாக இருக்கிறது.

மண்ணை விடாதவர்களும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் ரிவர் ஓக்ஸ் கிளப் இன்றும் மண்ணிலேயே ஆண்கள் போட்டியை நடத்துகிறது. 1965இல் அந்த கிளப்பின் பட்டத்தை வென்றவர் யார் தெரியுமா? நம் ராமநாதன் கிருஷ்ணன்! அந்தப் பெயர் அங்கே இன்றும் சாம்பியன்கள் வரிசையில் நிற்கிறது.

கோத்தன்பர்க்

"மண்ணாவது புல்லாவது, ஆட்டம்தானே முக்கியம்" என்று சொல்கிறவர்களுக்கு 1987ஐ நினைவூட்டுகிறேன். அந்த வருஷம் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போனது. 1974இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து இறுதி ஆட்டத்தையே ஆடாமல் விட்டுக்கொடுத்த நாடு, பதின்மூன்று வருஷம் கழித்து மறுபடி அந்த வாசலுக்கு வந்தது. ஆட்டக்காரர்கள் விஜய், அவர் அண்ணன் ஆனந்த், ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ். மூவரும் மதராஸ்காரர்கள்! அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரான சிட்னியிலேயே புல்தரையில் வென்றிருந்தார்கள்.

இறுதி ஆட்டம் ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரத்தில். சொந்த ஊரில் ஆடுகிற நாடுதான் தரையைத் தேர்ந்தெடுக்கும். டிசம்பர் குளிரில், கூரை போட்ட அரங்கத்துக்குள், ஸ்வீடன்காரர்கள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பினார்கள். நம் மூவருக்கும் பிடித்தது புல் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விளைவு 5-0. இரட்டையர் ஆட்டத்தில் விலாண்டரோடு ஆடிய நீஸ்ட்ரோம், மூன்று வருஷம் முன்னால் வால்வோ போட்டியின் கடைசி மண் பட்டத்தை வாங்கிய அதே நீஸ்ட்ரோம். எங்கள் வீட்டில் டி.வி. வந்துவிட்ட காலம் அது. முன் போர்ஷன் மாமா அப்போது எழுபது தாண்டியவர். "மண்ணைக் கவ்வறதுன்னு சொல்வாளே, அது இதுதான்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

19 வயதில் மண்ணில் உலக முதல் வரிசை ஆட்டக்காரர்களை வென்றவர், 34 வயதில் மண்ணில் தோற்றார். வயதும் காரணம்தான், ஸ்வீடன்காரர்களின் திறமையும் காரணம்தான். ஆனால் அந்தப் பையன்கள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து மெதுவான தரையில் ஆடி வளர்ந்தவர்கள். எந்தத் தரையில் வளர்கிறோமோ அந்தத் தரையின் குணம் காலில் ஏறிவிடுகிறது. அதை இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் கற்றுக்கொள்ள முடியாது.

நம்மூர்ப் போட்டியும் நம் கோர்ட்டும்

நம் சென்னைக்கும் ஒரு புரொபஷனல் போட்டி இருந்தது. 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கம் அரங்கத்தில் ஒவ்வொரு வருஷமும் சென்னை ஓபன் நடந்தது. அது கெட்டித் தரைப் போட்டி. 1998இல் ராஃப்டர் ஜெயித்ததைப் பார்க்க நானும் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். 2018இல் அது புனேக்குப் போய்விட்டது. அங்கேயும் 2023க்குப் பிறகு இல்லை. ஆக, போட்டிகள் வரும், போகும். கம்பெனி பெயர் மாறும். அதில் நமக்குக் கட்டுப்பாடு கிடையாது. நம் கையில் இருப்பது காலுக்கு அடியில் உள்ள தரை மட்டும்தான்.

இப்போது சுற்றறிக்கைக்கு வருகிறேன். செயற்கைத் தரை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் துடைத்துவிட்டு ஆடலாம். தினமும் தண்ணீர், உருளை, சுண்ணாம்பு வேண்டாம். இன்றைய மாணவர்கள் போய் ஆடுகிற பல்கலைக்கழகப் போட்டிகளில் பெரும்பாலும் அந்தத் தரைதான். மார்க்கர் அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவர் இடத்தில் வேறு ஆளைப் போடவில்லை. கடந்த சந்திப்பின்போது போய்ப் பார்த்தேன். ஒரு கோர்ட்டில் புல் முளைத்திருந்தது, இன்னொன்றில் பைக் நிறுத்தியிருந்தார்கள். அப்படிக் கிடப்பதற்கு மாற்றுவதே மேல் என்று சொல்கிறவர்கள் கட்சியில் நியாயம் இருக்கிறது.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இரண்டில் ஒன்றை மாற்றுங்கள். ஒன்றை மண்ணாகவே விடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு மார்க்கரை வேலைக்கு வையுங்கள். முதல் இரண்டு வருஷச் சம்பளத்துக்கு என் பங்கை இந்த மலர் கையில் கிடைத்த அன்றே சங்கத்தில் கட்டிவிடுகிறேன். என் செட்டுக்காரர்கள் நாலு பேரிடம் பேசிவிட்டேன், அவர்களும் தயார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். கெட்டித் தரையை ஒரு தடவை போட்டால் பத்து வருஷம் மறந்துவிடலாம். மண் தரையை ஒருநாள் மறந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். தினமும் ஒருவர் விடிகாலையில் வந்து அதைத் தொட வேண்டும். ஆடப் போகிறவர்கள் அது மூச்சு விடும்வரை காத்திருக்க வேண்டும். ஆடி முடித்ததும் அடுத்தவனுக்காகச் சாக்கை இழுத்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு டென்னிஸ் பெரிதாக வரவில்லை. கல்லூரி அணியில் கூட இடம் கிடைக்கவில்லை. ஆனால் காத்திருக்கவும், அடுத்தவனுக்காகத் தரையைச் சரிசெய்துவிட்டுப் போகவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் அதுதான் சோறு போட்டது.

2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் விஜய் அமிர்தராஜின் பெயரைச் சேர்த்தார்கள். கூடவே லியாண்டர் பயஸ். சிறு வயதில் நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்த பையன். உடம்பு தேறட்டும் என்று அம்மா ராக்கெட்டைக் கையில் கொடுத்த பையன். செய்தியைப் படித்தபோது மாமாவைத்தான் நினைத்துக்கொண்டேன். இருந்திருந்தால் கடைசிப் பக்கத்தை எங்களுக்குக் கொடுக்காமல் அவரே வைத்துக்கொண்டிருப்பார்.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளே! விழா அன்று காலை ஆறரைக்கு விடுதிக்குப் பின்னால் வாருங்கள். பைக்கை எடுத்துவிட்டு, புல்லைப் பிடுங்கி, அந்த ஒரு கோர்ட்டையாவது அன்றைக்குத் தயார் செய்வோம். சாக்கும் சுண்ணாம்பும் நான் கொண்டு வருகிறேன். மண் காயும்வரை உட்கார்ந்து பேசலாம், அவசரம் இல்லை.